காரைத் தினமும் துடைக்காதீர்கள்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்குக்குக் காலை ஆறு மணிக்குப் போனாலும், ஒருவர் வாளியும் துணியுமாக வண்டி துடைத்துக்கொண்டிருப்பார். மாதச் சம்பளத்துக்குப் பத்துப் பதினைந்து வண்டிகள். எல்லா வண்டிக்கும் ஒரே துணி, பெரும்பாலும் ஒரே வாளித் தண்ணீர். நாலாவது வண்டிக்குப் போவதற்குள் தண்ணீர் பழுப்பாகியிருக்கும். ஏழு மணிக்குப் பார்த்தால் எல்லா வண்டியும் பளிச்சென்று நிற்கும். வண்டியை நன்றாக வைத்திருக்கிறோம் என்று உரிமையாளருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியோடுதான் எனக்குச் சண்டை. நம் ஊரில் கார் பெயிண்டைக் கெடுப்பதில் இந்தத் தினசரித் துடைப்புக்குத்தான் முதலிடம். வெயில்கூட அதற்குப் பிறகுதான். மூன்று வருட வண்டியை மதிய வெயிலில் நிறுத்தி, பானட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். சிலந்தி வலையாக வட்ட வட்டமாய்க் கீறல்கள் தெரியும். கறுப்பு வண்டியில் கண்ணை உறுத்தும், வெள்ளையில் தேடினால்தான் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், கீறல் இரண்டிலும் உண்டு. உண்மையில் அவை வட்டமானவையும் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் நேர்க் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம்போலத் தோன்றுகிறது.

தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. நாம் கழுவுவது, துடைப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் இந்தப் படலத்தின் மேல்தான். பளபளப்பும் இதனுடையது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையும் இதனுடையது. நம் சாலைத் தூசியில் பெரும்பகுதி மணல்துகள், அதாவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது என்றால் கிளியர் கோட் எம்மாத்திரம்? தூசி படிந்த பானட்டின் மேல் ஈரத்துணியை வைத்து இழுப்பதும், டிங்கரிங் கடையில் பட்டி போட்ட இடத்தை வாட்டர் பேப்பரால் தேய்ப்பதும் ஒரே செயல்தான். கடையில் வேண்டுமென்று செய்வதை நாம் தினமும் காலையில் வேண்டாமல் செய்கிறோம். ஈரத்துணிதானே, மெதுவாகத்தானே துடைக்கிறார் என்பது பதிலாகாது. வாளித் தண்ணீரில் ஊறிய துணி துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே தவிர விடுவதில்லை. அடுத்த வண்டியின் மணலும் அதில்தான் சேர்கிறது.

சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பனியன் வேஸ்ட், பழைய டவல் எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றுதான். பனியன் வேஸ்டில் தையல் முடிச்சுகளும் சில சமயம் கொக்கிகளும் இருக்கும் என்பதால் அது இன்னும் மோசம். மெழுகு தடவிய இழைகளோடு வரும் டஸ்டர் லேசான தூசிக்குப் பரவாயில்லை என்பார்கள். வாரக்கணக்கில் உதறாமல் டிக்கியிலேயே போட்டு வைக்கும் டஸ்டர் பரவாயில்லாத ரகம் அல்ல. கார் கவரும் நான் சிபாரிசு செய்கிற பொருள் அல்ல. தூசிமேல் கவரைப் போட்டு, அது காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால், ஆளே இல்லாமல் துடைப்பு நடக்கிறது.

எதை விட்டு வைக்கலாம், எதை விடக் கூடாது

தூசியோடு நின்றால் பெயிண்ட் கெடாதா என்பது அடுத்த கேள்வி. உலர்ந்த சாதாரணத் தூசி அசையாமல் கிடக்கும்வரை பெயிண்டை ஒன்றும் செய்வதில்லை. அழுத்தமும் அசைவும் சேரும்போதுதான் கீறல் விழுகிறது. ஆகவே ஆறு நாள் தூசியோடு விட்டுவிட்டு ஏழாம் நாள் முறையாகக் கழுவும் வண்டி, தினமும் துடைக்கப்படும் வண்டியைவிடப் பல வருடம் புதிதாக இருக்கும். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆனால் வார இறுதிவரை காத்திருக்க முடியாதவை சில உண்டு. முதலாவது பறவை எச்சம். காக்கையோ புறாவோ, அதில் இருக்கும் யூரிக் அமிலம் ஒரு பக்கம், வெயில் இன்னொரு பக்கம். சூட்டில் கிளியர் கோட் சற்று இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் பெயிண்ட் சுருங்கும்போது எச்சத்தின் வடிவமே பள்ளமாகப் பதிந்துவிடும். சித்திரை வெயிலில் இதற்கு ஒரே பகல் போதும். அதைச் சுரண்டக் கூடாது, உலர்ந்த துணியால் துடைக்கவும் கூடாது. டிஷ்யூ பேப்பரை நல்ல தண்ணீரில் தோய்த்து அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறிய பிறகு டிஷ்யூவோடு சேர்த்து மேல்நோக்கி எடுத்துவிடலாம். வண்டியிலேயே ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு டிஷ்யூ பாக்கெட்டும் இருந்தால் போதும், இதற்கெனத் தனி ரசாயனம் வேண்டியதில்லை.

இரண்டாவது சிமெண்ட் தூசி. பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதென்றால் இது நிச்சயம் உண்டு. சிமெண்ட் காரத்தன்மை உடையது. மார்கழிப் பனி அதன்மேல் இறங்கினால் அங்கேயே இறுகத் தொடங்கிவிடும். தொடாமல் நிறையத் தண்ணீர் விட்டு மட்டும் அலச வேண்டும். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிச் சாம்பல் படியும் வண்டிகளுக்கும் இதுவே முறை. மூன்றாவது மரத்தடிப் பிசுக்கு. மரத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் விடும் இனிப்புத் துளிகள்தான் அந்தப் பிசுபிசுப்பு. அதன்மேல் தூசி ஒட்டி, வெயிலில் காய்ந்து, கறுப்புப் பூஞ்சை பிடித்தால் வேலை இரட்டிப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டி வண்டி நிற்குமிடங்களில் உப்புக் காற்றும் இந்தப் பட்டியலில் சேரும். அங்கே பெயிண்டைவிட அடித்தளமும் கதவு ஓரங்களும்தான் கவலைக்குரியவை. வாரம் ஒருமுறை கீழிருந்து தண்ணீர் பீய்ச்சுவது உதவும்.

அப்படியானால் காலையில் துடைக்கும் அண்ணனை நிறுத்திவிடுவதா? வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள், சம்பளத்தை மாற்ற வேண்டாம். முன், பின் கண்ணாடிகள், சைடு மிரர், நம்பர் பிளேட் ஆகியவற்றைத் தினமும் துடைக்கட்டும். கண்ணாடி கிளியர் கோட்டைவிட எவ்வளவோ கடினமானது. அதோடு, தூசியோடு வைப்பரை ஓட்டுவதுதான் முன்கண்ணாடிக்கு உண்மையான ஆபத்து. வாரம் இருமுறை மிதியடிகளை உதறி உள்பக்கம் பெருக்கட்டும், டயரையும் வீலையும் கழுவட்டும். இதற்கென உங்கள் வண்டிக்கு மட்டும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்துவிடுங்கள். ஹெட்லைட்டைக் கண்ணாடி என்று நினைத்துத் தேய்க்க விடாதீர்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேலே மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. அது தேய்ந்த பிறகுதான் ஹெட்லைட் மஞ்சளாகத் தொடங்கும். இதையெல்லாம் ஒருமுறை சொன்னால் போதாது. தூசியோடு வண்டி நின்றால் தன்மேல்தானே பழி வரும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தண்ணீர்

சென்னையில் வீட்டிலேயே கார் கழுவுபவர்கள் ஷாம்பு பற்றிப் பேசும் அளவுக்குத் தண்ணீர் பற்றிப் பேசுவதில்லை. பார்க்கிங் குழாயில் வருவது பெரும்பாலும் போர்த் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. போர்த் தண்ணீர் 1000 காட்டுவது இங்கே அதிசயமில்லை. கரைந்த உப்பின் இந்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். 1000 என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. அலசி முடித்தபின் வண்டிமேல் அரை லிட்டர் தண்ணீர் தங்கினால், அது காயும்போது அரை கிராம் உப்பைப் பெயிண்டின் மேல் விட்டுவிட்டுத்தான் போகும். துளித்துளியாகத் தெரியும் வெள்ளை வட்டங்கள் அவைதான். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், குளியலறைக் குழாயில் படியும் அதே உப்புக்கறை.

இங்கே ஒரு விபரீதச் சிக்கனம் வழக்கத்தில் இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவப் பிடித்து வைக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், கணக்குதான் இடிக்கிறது. 1000 டி.டி.எஸ். உள்ள மூன்று லிட்டர் உள்ளே போய், 100 டி.டி.எஸ். உள்ள ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், மீதி இரண்டு லிட்டரில் 1450 இருக்கும். வீட்டிலேயே மிகக் கடினமான தண்ணீர் அதுதான். அது தரை துடைக்கட்டும், கழிப்பறைக்குப் போகட்டும். காருக்கு, அதுவும் கடைசி அலசலுக்கு, ஒருபோதும் வேண்டாம்.

மாறாக, யாரும் சேர்த்து வைக்காத ஒன்று மிகப் பொருத்தமானது: ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்ததென்பதால் அதில் உப்பு ஏறக்குறைய கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் அரை வாளியாவது தேறும். குழாய் முனையில் வாளி வைத்துப் பிடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசியும் பிசுக்கும் நின்றுவிடும். ஐந்து லிட்டர் இருந்தால் ஒரு காருக்குக் கடைசி அலசல் முடிந்துவிடும். நாள்கணக்கில் திறந்து வைக்காதீர்கள். பாசி பிடிக்கும் என்பதைவிட, டெங்கு கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தெளிந்து தேங்கிய நீரைத்தான்.

ஏற்கெனவே படிந்த வெள்ளை வட்டங்களுக்குச் சமையல் வினிகர் போதும். சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, நிழலில் ஆறிய பெயிண்டின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு வைத்து, நன்றாக அலசி, ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். அப்படியும் போகவில்லை, விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்படுகிறதென்றால் கறை கிளியர் கோட்டை அரித்துவிட்டது. அதைப் பாலிஷ்தான் எடுக்கும், சில சமயம் அதுவும் எடுக்காது. பித்தளை விளக்குக்குப் புளி தேய்ப்பதுபோல் காருக்கும் புளி போடச் சொல்பவர்கள் உண்டு. புளியில் நாரும் மண்ணும் இருக்கும். டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அலாய் வீலுக்கும் குரோமுக்கும் அது எமன்.

முதல் தொடுகை

கார் கழுவுவதில் நல்லது கெட்டது முடிவாகும் இடம் ஒன்றே ஒன்று என்று என்னைக் கேட்டால் சொல்வேன்: துணி முதன்முதலாகப் பெயிண்டைத் தொடும் நேரம். அதற்கு முன்னால் எவ்வளவு மணலைத் தொடாமலே இறக்கிவிட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலையுயர்ந்த ஷாம்பு, இறக்குமதித் துணி எதுவும் அந்த நேரத்தில் பெயிண்டின் மேல் மணல் இருந்தால் காப்பாற்றாது. மணல் இல்லையென்றால் சாதாரணப் பொருட்களே போதும். பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு உடனே நுரைப் பஞ்சைக் கையில் எடுக்கிறார்கள். முழு வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், தொடாமல் செய்யும் பகுதிக்கு அதில் கால்வாசி போக வேண்டும்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானட்டில் உள்ளங்கையை வைத்தால் சுடக் கூடாது. காலை ஏழுக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். ஓட்டி வந்த சூட்டோடு தொடங்கினால் ஷாம்பு தகட்டிலேயே காய்ந்து கறையாகும். முதலில் வீல்கள். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருப்பதால் அதற்கு வாளி, துணி, பிரஷ் எல்லாம் தனி. அவை பெயிண்ட் பக்கம் வரவே கூடாது. பிறகு மேலிருந்து கீழாகத் தண்ணீர். பிரஷர் வாஷர் இருந்தால் விசிறியாக விரியும் நாசில் போட்டு ஓரடிக்குக் குறையாத தூரத்தில் பிடிக்க வேண்டும். கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடத்திலும் ஸ்டிக்கர் ஓரத்திலும் நேராகக் காட்டினால் உரிந்துவரும். மட்கார்ட் வளைவின் உள்பக்கம், கதவுக்குக் கீழே உள்ள ஓரம், பின் பம்பர் ஆகிய மூன்றும் சேற்றைச் சேர்த்து வைக்கும் இடங்கள். மழைக்காலத்தில் பாதித் தண்ணீர் அங்கேயே செலவாகும்.

அடுத்தது நுரை. பிரஷர் வாஷரில் மாட்டி நுரை பீய்ச்சும் ஃபோம் கேனன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயரில், ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி கார் ஷாம்பு கலந்து, கீழிருந்து மேலாக வண்டி முழுக்க அடித்தால் போதும். அழுத்தமான நுரை அழகுதான், ஆனால் வேலை செய்வது நுரையின் கனமல்ல, ஊறும் நேரம். குளிர்தேச வீடியோக்களில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்பார்கள். இங்கே மூன்று நிமிடத்துக்கு மேல் விட்டால் காயத் தொடங்கிவிடும். காயுமுன் அலசிவிட வேண்டும். அலசும்போது கீழே ஓடும் தண்ணீரைக் கவனியுங்கள். பழுப்பாக ஓடினால் இன்னொரு முறை நுரை, தெளிவாக ஓடினால் துணியைக் கையில் எடுக்கலாம்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் பத்து லிட்டர் தண்ணீரும் 20 மில்லி ஷாம்புவும், மற்றதில் வெறும் தண்ணீர். அடியில் மணல் தங்கிக் கலங்காமலிருக்கச் சல்லடைத் தட்டு வைப்பார்கள். அது கிடைக்காவிட்டால் வாளி ஆழமாக இருக்கட்டும், கையுறையை அடிவரை விடாதீர்கள். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் தோய்த்து, கூரை, கண்ணாடிகள், பானட், கதவுகளின் மேல்பாதி, டிக்கி என்று போய், கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பர்களும் கடைசி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகுதான் மீண்டும் ஷாம்பு. கை நேர்க்கோட்டில் போகட்டும். அழுத்தமே வேண்டாம், கையுறையின் எடை போதும். போகாத கறையை இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது, எவ்வளவு அலசினாலும் நம்பக் கூடாது. துணி துவைக்கும் பவுடர் ஆகாது. காரமும் கரையாத துகளும் அதில் உண்டு. பாத்திரம் விளக்கும் லிக்விட், போட்டு வைத்த வேக்ஸைக் கழற்றிவிடும். ஒரு ரூபாய்ச் சாஷே ஷாம்பு பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் கார் ஷாம்பு அளவுக்கு வழுக்காது. கையுறைக்கும் பெயிண்டுக்கும் நடுவே தப்பி நின்ற மணலைக் கீறாமல் நகரச் செய்வது அந்த வழுக்கல்தான்.

குழாயே இல்லாத பார்க்கிங்கில் என்ன செய்வது? தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் இதே கேள்வி வரும். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்கு நின்றவர்களுக்கு இது புரியும். 2024 மார்ச்சில் பெங்களூருக் குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தது. திறந்துவிட்ட ஹோஸ் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும், பதினைந்து நிமிடத்தில் 150 லிட்டர் போய்விடும். இதற்குப் பதில் ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது கடைசியில் அலசவே தேவையில்லாத கழுவு திரவம். 256 பங்குக்கு ஒரு பங்கு கலக்கும் வகையென்றால், எட்டு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. அதிலிருந்து ஒரு லிட்டரை ஸ்பிரேயரில் எடுத்து முதலில் தகட்டின்மேல் தாராளமாக அடித்து இரண்டு நிமிடம் ஊறவிட வேண்டும். மீதியில் எட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போடுங்கள். ஒரு துணியை இரண்டு முறை மடித்தால் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே ஓட்டம், உடனே அடுத்த முகம். முகங்கள் தீர்ந்த துணி வாளிக்குத் திரும்பாது, தனியாகப் போடப்படும். மொத்த ரகசியமும் இந்த விதியில்தான். வாளிக்குள் அழுக்குத் துணி போகாததால் கடைசிவரை தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஒரு துணியை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தால், காலை ஆறு மணித் துடைப்புக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. காய்ந்த சேறு அப்பியிருந்தால் இந்த முறை உதவாது, குழாய் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

உலர்த்துவதும் ஒரு தொடுகைதான். கடைசி அலசலில் ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மெதுவாக வழியவிட்டால், துளிகளாக நிற்காமல் ஒரே படலமாக இறங்கி முக்கால்வாசித் தண்ணீரைத் தானே இழுத்துக்கொண்டு போகும். அதன்மேல் ஏ.சி. தண்ணீர். பிறகு 500 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணியின் எடை) மேற்பட்ட பெரிய மைக்ரோஃபைபர் டவலைப் பானட்டின் மேல் விரித்து, இரு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். தேய்க்க வேண்டியதில்லை. சைடு மிரர், கைப்பிடி, பெட்ரோல் மூடி இவற்றிலிருந்து கால்மணி நேரம் கழித்துக்கூடத் தண்ணீர் வடியும், அதற்கு ஒரு சின்னத் துணி தனியே வைத்துக்கொள்ளுங்கள். டவல்களைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, பஞ்சு ஏறிவிடும். துணிக்கு மென்மையூட்டும் திரவம் இழைகளை அடைத்துவிடும். இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை உருகிக் கூராகும். புது டவலில் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

விழுந்துவிட்ட கீறல்கள்

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவுவது. 40 மைக்ரான் கையிருப்பில் ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு மைக்ரான் செலவு. புற ஊதாக் கதிருக்கான காப்பு அந்தப் படலத்தில் இருப்பதால், வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்தே ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் எடுப்பது வம்பு. வருடா வருடம் தீபாவளிக்கு முன் ரப்பிங் பாலிஷ் என்பது, பத்தாவது வருடம் கூரையில் வெள்ளை வெள்ளையாகக் கிளியர் கோட் உரிவதற்கு இப்போதே அச்சாரம் கொடுப்பது. பல கடைகளில் கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரியை, அதாவது ஒரே அச்சில் சுழலும் பாலிஷ் இயந்திரத்தை, வேகமாக ஓட்டி, எண்ணெய்ப் பசையுள்ள காம்பவுண்டால் கீறல்களை மூடி அனுப்பிவிடுவார்கள். நாலு வாஷில் எண்ணெய் போய்ப் பழைய கீறல்களோடு ரோட்டரியின் புதிய தடங்களும் தெரியும். பாலிஷ் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

வீட்டில் செய்வதென்றால் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர். சுழன்றுகொண்டே அசைவதால் ஓரிடத்தில் சூடு சேராது. முதலில் களிமண் கட்டி, அதாவது பெயிண்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் கிளே பார். கழுவிய பெயிண்டின் மேல், கையில் பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு தடவினால் மணல்போல் நறநறத்தால் மட்டுமே அது தேவை. ரயில் பாதை அருகே நிற்கும் வண்டிகளில் அந்த நறநறப்பு பெரும்பாலும் இரும்புத் துகள். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகக் கரைந்து வழியும், நாற்றம் சகிக்காது. களிமண்ணை எப்போதும் வழவழப்பான திரவத்தோடுதான் ஓட்ட வேண்டும், கீழே விழுந்த கட்டி குப்பைக்கு. பிறகு மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும். இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்குப் பட்டாணி அளவில் நாலு துளி. கையை நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு ஓட்டம். அதில் போகாததற்கு மட்டும் கடினமான பேட். தகட்டின் விளிம்புகளில் பெயிண்ட் எப்போதுமே மெல்லியது, அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். துணியில் வண்டியின் நிறமே ஒட்டினால் நிறுத்துங்கள். அந்த வண்டியில் கிளியர் கோட் இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது. பழைய வண்டி வாங்கியவர்கள் தடிமன் மீட்டரை வாடகைக்காவது எடுப்பது நல்லது. 300 மைக்ரான் காட்டும் கதவு மறுபடி பெயிண்ட் அடித்தது, 1000 காட்டும் கதவுக்குள் பட்டி இருக்கிறது.

பெயிண்டின் மேல் காப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங் பற்றி ஒரே ஒரு விஷயம். ஷோரூமில் சொல்லும் 9 ஹெச் என்பது, பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் பென்சில் அளவுகோலின் கடினம், மோஸ் அளவுகோலின் 9 அல்ல. மணலை அது தடுக்காது. கழுவுவதை எளிதாக்கும், எச்சத்துக்குச் சற்று அவகாசம் தரும், பளபளப்பு கூடும். இதெல்லாம் உண்மை. ஆனால் போர்த் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்று காய்ந்தால், உப்பு சிறு வட்டங்களில் குவிந்து கறை இன்னும் அழுத்தமாகத்தான் விழும். கோட்டிங் போட்ட வண்டியைத்தான் இன்னும் கவனமாக உலர்த்த வேண்டும். புது வண்டி எடுப்பவர்கள் செய்யக்கூடிய மலிவான காரியம் வேறு ஒன்று: டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவ வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது.

ஆயுத பூஜை அன்று

வருடத்தில் ஒருநாள் இந்த விதிகளெல்லாம் தளரும், தளரட்டும். ஆனாலும் சில. விபூதி சாம்பல், அதைப் பெயிண்டிலிருந்து உலர்வாகத் துடைக்கக் கூடாது. குங்குமம் பனியில் நனைந்தால் வெள்ளை வண்டியில் சாயம் இறங்கும், மறுநாள் காலையிலேயே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மஞ்சள் கறைக்குப் பயமில்லை, வெயிலில் தானே வெளுக்கும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பானட்டில்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு துண்டு ஒட்டு டேப்பின் மேல் வைக்கலாம். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள். கட்டிய மாலையோடு பைபாஸில் வேகம் போகாதீர்கள், அடித்துக்கொள்ளும் காம்பு பம்பரைக் கீறும். வாழைக்கன்றின் வெட்டு முனையில் ஒரு பாலித்தீன் கவரைச் சுற்றிக் கட்டினால் கறை வடியாது. கற்பூரத் தட்டை ஓரடி தள்ளியே காட்டுங்கள், பம்பர் பிளாஸ்டிக்.